முழங்காலுக்கு ஒரு பெர்மிட்

அந்த வருஷம் ஆடி மாதம் முழுக்க என் வலது முழங்காலை நிர்வாகம் செய்தது என் கணவர். அதில் எனக்குப் பேச்சுரிமைகூட அதிகம் இருக்கவில்லை.

அவர் ஏலூரில் ஓர் உரத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடியுமுன் எங்கள் மட்டாஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ் பிடித்துப் போய், பகல் முழுக்க மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ள மிஞ்சியது நான் ஒருத்தி. எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டூலில் ஏறினால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை மின்விசிறி துடைக்கப் போன என் தலையில் அவருடைய பழைய மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டார். அப்போது பார்த்து எதிர்வீட்டுச் சேச்சி உள்ளே வந்தாள். அந்தக் கதை தெருக்கோடி வரை போய்விட்டுத்தான் திரும்பி வந்தது.

அந்தச் சேச்சியைப் பற்றிச் சொன்னால்தான் முழங்காலுக்கு வர முடியும். அவள் சர்க்கார் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். விசில் கழுத்தில் இல்லையே தவிர, குரலில் இன்னும் இருக்கிறது. எங்கள் தெருச் சங்கத்து ஓணம் விழாவில் எட்டுப் பெண்கள் ஆடும் கைகொட்டிக்களி அவள் பொறுப்பு. குத்துவிளக்கைச் சுற்றி வட்டமாக நின்று, பாடிக்கொண்டே கை தட்டி ஆடுவது. பாட்டு வேகம் பிடிக்கிற இடத்தில் எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் தரைக்குச் சமீபமாகக் குந்தி, அப்படியே எழுந்து, அடுத்த அடி வைக்க வேண்டும். அந்த இடத்துக்குத்தான் கூட்டம் கை தட்டும்.

பன்னிரண்டு வருஷமாக நான் அந்த எட்டில் ஒருத்தி. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். நான் பிறந்தது இந்த ஊரில். என் மலையாளத்தில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, தமிழ் எழுதுவதில்தான் தடுமாற்றம். ஆனாலும் மீன்காரரிலிருந்து தபால்காரர் வரை எல்லோருக்கும் நான் ‘தமிழ் மாமி’தான். (மீன்காரருக்கு எங்கள் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் நின்று விசாரித்துவிட்டுத்தான் போவார்.) அன்பாகத்தான் சொல்கிறார்கள், எனக்கும் வருத்தமில்லை. ஆனால் செட்டு முண்டு உடுத்தி, தலையில் பூ வைத்து, அந்த வட்டத்தில் நிற்கும் பத்து நிமிஷம் மட்டும் நான் அடையாளம் சொல்லத் தேவையில்லாத எட்டாவது ஆள். அந்தப் பத்து நிமிஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அந்த ஆடி மாத முதல் ஒத்திகையில் நான் கீழே குந்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வாரம், கோடி வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் வங்கிக்காரப் பெண்ணுக்கு நன்றாக ஆடத் தெரியுமாம் என்று யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். அப்போது நான் சிரிக்கவில்லை.

சுள்ளிக்கல்லில் எங்களுடைய டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம்தான், வயசுக்கு வருவது என்றாள். தொடைக்கு உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தாள். நான் அந்தத் தாளை மிக்சிக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். பெங்களூரில் இருக்கும் என் மகள் இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் கூரியரில் ஒரு விளக்கை அனுப்பி வைத்தாள். மூட்டு வலிக்கு வீட்டிலேயே காட்டிக்கொள்ளும் விளக்காம். அவள் ஆபீஸில் ஒருத்திக்குத் தோள்வலி குறைந்ததாம்.

பெட்டியைத் திறந்தால், சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி பல்புகள். சுவிட்சைப் போட்டதும் ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பாக எரிந்தன, மீதிப் பாதி செத்துக் கிடந்தன.

“ஏன்னா, பாதி எரியலையே. திருப்பி அனுப்பிடலாமா?” என்றேன்.

அவர் கையை நீட்டி என் கண்ணை மறைத்துவிட்டு, முதலில் சுவிட்சை அணைத்தார். “எரியறதாக்கும். நமக்குத் தெரியலை, அவ்வளவுதான்.”

பிறகு கூடவே வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கடுகைவிடச் சின்ன எழுத்து. பூதக்கண்ணாடி வைத்து ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தார். ஓய்வு பெற்ற இந்த மூன்று வருஷத்தில் அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் நான் பார்த்ததில்லை, விளக்கு அணைந்துதான் இருந்தது.

படித்து முடித்து எனக்கு வகுப்பு எடுத்தார். செத்துக் கிடப்பதாக நான் நினைத்த பல்புகளிலிருந்து வருவது அகச்சிவப்புக் கதிர், சிவப்பைத் தாண்டிப் பக்கத்திலேயே இருப்பது, நம் கண்ணுக்கு எட்டாதது. விளக்குக்கு முதுகைக் காட்டி என்னை நிற்கவைத்து, அதை ஏற்றி, செல்போனின் முன்பக்கக் கேமராவை அதன் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் திரையைப் பார்த்தேன். செத்த பல்புகள் எல்லாம் மங்கலாக ஊதா நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது.

“அமோனியா கசிஞ்சா மூக்கு சொல்லும். இது ஒண்ணும் சொல்லாது. சூரியனைப் பார்த்தா கண்ணு தானா மூடிக்கும், இது கூசவே கூசாது. கூசலையேன்னு நீ பாட்டுக்குப் பார்த்துண்டு உட்கார்ந்திருப்பே. அதனால கறுப்புக் கண்ணாடி இல்லாம இதை ஏத்தப்படாது. உனக்கும், எனக்கும், அந்த சமயத்துல உள்ள வர்ற யாருக்கும்.”

நியாயம்தான். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். தொழிற்சாலையில் ஆபத்தான வேலை எதுவானாலும் தொடங்குமுன் ஒரு பெர்மிட் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். என் முழங்காலுக்கும் எழுதினார். கோடு போட்ட தாளில், அவருடைய அச்சுப்போன்ற கையெழுத்தில்: வேலையின் பெயர், வலது முழங்காலுக்கு வெளிச்சம் காட்டுதல். வேலை செய்பவர், மனைவி. மேற்பார்வை, கணவர்.

அதன் கீழே நிபந்தனைகள். பிளக்கைச் சுவரில் நேராகச் செருக வேண்டும், கிரைண்டரோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அல்ல. ஈரக் கையோடு தொடக் கூடாது. பலகைக்கும் காலுக்கும் நடுவே கையேடு சொன்ன தூரம் இருக்க வேண்டும். அதற்காகத் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, நாற்காலிக்கால் அதைத் தாண்டக் கூடாது என்றார். பத்து நிமிஷம், சமையலறை மணி அடித்ததும் அணைக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். நன்றாக இருக்கிறதே என்று இருபது நிமிஷம் ஆக்கக் கூடாது. தூக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சுட்டால், எரிந்தால், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சுவிட்சில் சிவப்பு அட்டை ஒன்று நூல் கட்டித் தொங்கியது: வேலை நடக்கிறது, தொடாதே.

பிறகு கேள்விகள்.

“ரத்த அழுத்த மாத்திரை தவிர வேற மருந்து சாப்பிடறயா? சில மருந்துக்கு வெளிச்சம் ஆகாதாம்.”

“இல்லை.” அந்த மாத்திரையைப் பற்றியும் டாக்டரம்மாவுக்கே போன் போட்டு, தடையில்லை என்று கேட்டுக்கொண்டார்.

“முழங்கால்ல கிரீம், களிம்பு, ஏதாவது மருந்து?”

“இல்லை.”

“கையெழுத்துப் போடு.”

போட்டேன். கல்யாணத்துக்கே இவ்வளவு எழுத்துவேலை நடக்கவில்லை.

செய்தி பரவியது. ஒத்திகைத் தோழிகள் நாலு பேர் விளக்கைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி கழுத்தில் தைராய்டு கட்டிக்குக் காட்டலாமா என்று கேட்டாள். கழுத்துப் பக்கமே கூடாது, முதலில் டாக்டரிடம் போங்கள் என்று அவர் சொன்ன வேகத்தில் அவள் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். இன்னொருத்தி கண் மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் காட்டினால் தெளியுமோ என்றாள். அவளுக்கு அரைமணி நேரம் வகுப்பு நடந்தது. ‘மாமியின் வீட்டில் விளக்குக்கு வாட்ச்மேன் இருக்கிறார்’ என்று தெருவில் பேச்சு.

நாலு தடவை ஒழுங்காக நடந்தது. இதமான சூடு, கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. ஆனால் முழங்கால் அப்படியே இருந்தது, ஓணம் கிட்டே வந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அடை கல்லிலிருந்து இறங்குமுன் பிய்த்து வாயில் போட்டுக்கொள்கிற ஜாதி நான். ஐந்தாவது தடவை அவர் சாயா போடச் சமையலறைக்குள் போன சமயம், நாற்காலியை மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு சாண் முன்னால் தள்ளினேன். பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் வேலை செய்யுமே என்றுதான். அவர் காலடி கேட்டதும் பின்னால் இழுத்துக்கொண்டேன். முழங்கால் கொஞ்சம் அதிகமாகச் சுட்டது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் முழங்காலுக்கு மேல் உள்ளங்கை அளவுக்குச் சிவந்து எரிந்தது. ஓரத்தில் கடுகு போல இரண்டு கொப்புளம்.

அவரிடம் மறைக்க முடியுமா? பார்த்தார். குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து வெகுநேரம் வைத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார். பிளக் பார்த்தார், பலகை பார்த்தார், டேப்பை அளந்தார். கடைசியில் என் முழங்காலுக்கு அருகே குனிந்தவர் நிமிர்ந்தார்.

“இது என்ன வாசனை?”

“என்ன வாசனை? தைலம்.”

“தைலமா? எப்போ தேச்சுண்டே?”

“தினமும் கார்த்தால. கர்க்கடக மாசமாச்சே, சேச்சி வைத்தியசாலையிலேர்ந்து ஒரு குப்பி வாங்கித் தந்தா. எப்பவும் தேச்சுக்கறதுதானே.”

“நான் கேட்டேனேடி! கிரீம் உண்டா, களிம்பு உண்டா, மருந்து உண்டான்னு வரிசையாக் கேட்டேனே! எண்ணெயோட காட்டப்படாது, தோல் சுத்தமா, உலர்ந்து இருக்கணும்னு கையேட்டுல தெளிவாப் போட்டிருக்கு. அந்தக் கறுத்த எண்ணெய் சூட்டை அப்படியே பிடிச்சு வச்சுக்காதோ?”

சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. மருந்து என்றால் சீட்டு எழுதிக் கடையில் வாங்குவது. இங்கே ஆடி மாதத்தில், மலையாளக்காரர்களுக்கு அது கர்க்கடகம், எல்லா வீட்டிலும் எல்லோர் உடம்பிலும் எண்ணெய் இருக்கும். பல் தேய்த்தாயா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வேன், எண்ணெய் தேய்த்தாயா என்று யாரும் கேட்பதே இல்லை. அவர் உடம்பிலும் தினமும் எண்ணெய்தான் இருந்தது. அதனால்தான் நாலு தடவையும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவர் மூக்குக்கு அது வேற்று வாசனையாகப் படவில்லை.

அது அவருக்கும் அந்த நிமிஷத்தில் உறைத்திருக்க வேண்டும். தன் கையை மோந்து பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இத்தனை வருஷம் என் ஷிப்டுல ஒருத்தருக்கு ஒரு கீறல் விழலை. ஆத்துக்குள்ள வந்து உன்னைப் பொசுக்கிட்டேன்.”

பெர்மிட்டை நாலாகக் கிழித்தார். விளக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, பரணில் வைக்க ஸ்டூலிலும் ஏறிவிட்டார். கீழே பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ஏன்னா, இறங்குங்கோ. நான் நாற்காலியை முன்னால தள்ளினேன்.”

“என்னது?”

“நீங்க சாயா போடப் போனப்போ. ஒரு சாண். சீக்கிரம் குணமாகட்டும்னு.”

ஸ்டூலின் மேலிருந்தே என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முகத்தில் நிம்மதி மெல்லப் பரவியது. அவருடைய ஏற்பாட்டில் ஓட்டை இல்லை, ஓட்டை நான்தான்.

“ஒரு சாணா, ரெண்டு சாணா? நெஜத்தைச் சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். சமாதானம் ஆகிவிட்டது.

மறுநாள் சுள்ளிக்கல். டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, தோல் பழையபடி ஆகும்வரை எண்ணெயும் வேண்டாம் விளக்கும் வேண்டாம் என்றாள். விளக்கைப் பற்றி அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சிலருக்கு வலி கொஞ்சம் குறைகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, தேய்ந்த எலும்பு அதனால் முளைக்காது, ஒழுங்காகக் காட்டிக்கொண்டால் பெரிய கெடுதல் இல்லை. “நான் எழுதித் தந்த எக்ஸர்சைஸ் செய்யறீங்களா?” என்றாள். மிக்சி என் கண்முன் வந்து போயிற்று. பேச்சை மாற்ற, ஓணத்துக்கு ஆட வேண்டும் என்றேன்.

“ஆடுங்க. ஆனா குந்தி எழுந்திருக்கறது மட்டும் வேண்டாம். பாதி மடக்கலாம், அதுக்குக் கீழ இல்ல. நான் கண்டிப்பாச் சொல்றேன்.”

அந்த அடி இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை. அன்று சாயங்காலமே சேச்சி வீட்டுக்குப் போய், எனக்குப் பதிலாக அந்த வங்கிக்காரப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சேச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலைநிமிரவில்லை.

“நீ வந்தால் மதி. அந்த ஸ்டெப் வரும்போது நீ நின்னோண்டு கை கொட்டு. போய்க் காலை நோக்கு” என்றாள், தமிழும் மலையாளமும் அவளுக்கு வந்த கணக்கில். ‘மதி’ என்றால் போதும்.

புண் ஆற பத்து நாள் ஆயிற்று. அதுவரை மிக்சிக்கு அடியிலிருந்த தாளை எடுத்து உடற்பயிற்சி செய்தேன், மேற்பார்வை யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு புது பெர்மிட் வந்தது. இந்தத் தடவை முழங்காலைச் சோப்பு போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி, அவர் மோந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒரு கிழவர் குனிந்து கிழவியின் முழங்காலை மோந்து பார்ப்பதை வெளியாள் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றேன். “நினைச்சுக்கட்டும், கண்ணாடியைப் போடு” என்றார். வலி குறைந்தது வாஸ்தவம். விளக்கா, உடற்பயிற்சியா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து நிமிஷம் நான் வாயையும் காலையும் அசைக்காமல் உட்கார்ந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடைசி இரண்டு ஒத்திகைக்குப் போனேன். ஏழு பேரும் கீழே போக, நான் மட்டும் முழங்காலைப் பாதி மடக்கி, அவர்கள் நடுவே கொக்கு மாதிரி நின்று கை தட்டினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வட்டத்தில் இருக்கிறேனே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விழா அன்று மழை விட்டிருந்தது. சங்கத்துப் பந்தலில் விளக்கு ஏற்றினார்கள். என் கணவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, மேடையின் ஒயரையெல்லாம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியது, சுற்றினோம், வேகம் பிடித்தது. அந்த இடம் வந்தது. நான் முழங்காலைப் பாதி மடக்கி நிறுத்தினேன், சுற்றிலும் எல்லோரும் கீழே போகப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

யாரும் போகவில்லை. எனக்கு எதிரே சேச்சி பாதி மடக்கி நின்றாள். அவளுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தரைவரை குந்தி எழக்கூடிய ஏழு பேரும் என் முழங்கால் எதுவரை வந்ததோ அதுவரைதான் வந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே உயரத்தில் இருந்தோம், ஒன்றாக எழுந்தோம். பந்தலில் இருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, எப்போதும் போலக் கை தட்டினார்கள். சேச்சி என்னைப் பார்க்கக்கூட இல்லை, பாடிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாகப் பாடிய பாட்டு, எனக்கு அடுத்த வரி வரவில்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, கை தட்டிக்கொண்டு, அவர்களோடு சுற்றினேன்.